எல்லா மேக்கிலும் ஓடும் மேக்ஃபைல்: எதுவரை நியாயம்?

இடையஞ்சாவடியிலோ குயிலாப்பாளையத்திலோ சி மொழி படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், அந்த மேசையில் நிரலைத் தொகுக்க உதவும் மேக் கருவியின் மூன்று வேறு பதிப்பாவது இருக்கும். ஒருவரிடம் அக்கா கல்லூரியில் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. சென்னை சி-டாக் டெபியனை அடியொற்றி உருவாக்கிய பாஸ் லினக்ஸின் பழைய பதிப்பு அதில் இருக்கிறது. அதோடு வந்தது மேக் 3.81. இன்னொருவர் புதுச்சேரியில் வாங்கிய பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு 20.04 போட்டிருக்கிறார், மேக் 4.2.1. மூன்றாமவர் டெபியன் 13க்கு மாறிவிட்டார், மேக் 4.4.1. ஆரோவில்லுக்கு வந்துபோன யாரோ விட்டுச்சென்ற ஆப்பிள் மடிக்கணினி நாலாமவர் கையில். அது பார்க்கப் புதுசு, ஆனால் அதிலும் 3.81தான். 2006ல் வந்த பதிப்பு.

நாலு பேருக்கும் ஒரே நிரல், ஒரே மேக்ஃபைல் கொடுத்துப் பாருங்கள். ஒன்றில் ஓடும், ஒன்றில் பிழை காட்டி நிற்கும். இன்னொன்றில் பிழையே காட்டாமல் தப்பான கோப்பை உருவாக்கிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று சொல்லும். இந்த மூன்றாவது வகையைத்தான் நான் அஞ்சுகிறேன். ஒத்துப்போகாத மேக்குகள் அனைத்திலும் ஓடும்படி ஒரே மேக்ஃபைலை எழுதுவது நிரலாளர்களிடையே நாற்பது ஆண்டுகளாகப் போற்றப்பட்டுவரும் வழக்கம். அதில் போற்றத் தக்கது எவ்வளவு, விட்டுத்தள்ள வேண்டியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

மேக் பிறந்தது 1976ல், பெல் ஆய்வகத்தில். யாக் என்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப் பொழுது முழுவதும் ஒரு பிழையைத் தேடி வீணாக்கினார். பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பைத் திரும்பத் தொகுக்கத்தான் மறந்திருந்தார். அதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவிதான் மேக். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று மேக்ஃபைலில் எழுதிவைத்தால், எது மாறியதோ அதைச் சார்ந்தவற்றை மட்டும் அது திரும்ப உருவாக்கும். இதற்காக 2003ல் ஃபெல்ட்மனுக்கு ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது. விதியின் கீழ் வரும் கட்டளை வரி டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் அந்த முதல் வாரங்களிலேயே வந்தது. அது சரியில்லை என்று ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பன்னிரண்டு பேர் அளவுக்கு மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய கோப்புகள் கெட்டுவிடக் கூடாதே என்று அப்படியே விட்டுவிட்டார். பழசோடு ஒத்துப்போக வேண்டும் என்று மேக்கின் வரலாற்றில் எடுக்கப்பட்ட முதல் முடிவு அது. அதன் விலையை இன்றைக்கும் வாட்ஸப்பில் வந்த மேக்ஃபைலை நகலெடுத்து ஒட்டும் மாணவர்கள் கொடுக்கிறார்கள். வழியில் டேப் இடைவெளியாகிவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மேக் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

பிறகு மேக் கிளை கிளையாகப் பிரிந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மனும் ரோலண்ட் மெக்ராத்தும் எழுதிய ஜிஎன்யூ மேக்கை இப்போது பால் ஸ்மித் பராமரிக்கிறார். ஆடம் டி பூர் எழுதிய பிமேக்கின் வழியில் வந்தவை பிஎஸ்டி மேக்குகள். மைக்ரோசாஃப்ட்டுக்கு என்மேக், சன் நிறுவனத்துக்குத் தனி மேக். 1992ல் பாசிக்ஸ் தரநிலை இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு குறைந்தபட்சத்தை வகுத்தது. அந்தக் குறைந்தபட்சம் மிகவும் குறைவு. 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று சொல்ல அதில் வழியே இல்லை. 2024ல் வந்த புதிய பாசிக்ஸிலும் இல்லை. ஜிஎன்யூவில் நிபந்தனைக்கு ஒரு சொல், பிஎஸ்டியில் புள்ளி வைத்த வேறு சொல், என்மேக்கில் ஆச்சரியக்குறி போட்ட மற்றொரு சொல். ஒன்றன் நிபந்தனை இன்னொன்றுக்குப் பிழை. ஆக, ஒரு மேக்ஃபைல் தன்னை ஓட்டும் கருவியைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்கக்கூடப் பொதுமொழி கிடையாது. மற்ற சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரு குறையிலிருந்துதான் வருகின்றன.

இதைச் சுற்றிப்போகத் தலைமுறை தலைமுறையாக நிரலாளர்கள் கண்டுபிடித்த உத்திகள் உண்மையிலேயே அழகானவை. ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு கட்டளையை ஓட்டி அதன் விடையை ஒரு மாறியில் வைக்க வேண்டும். பிஎஸ்டியில் அதற்கு != என்ற குறி. ஜிஎன்யூவில் ஷெல் என்ற செயற்கூறு; 2013ல் வந்த 4.0 முதல் அதுவும் != குறியை ஏற்றுக்கொண்டது. இரண்டிலும் ஓட வேண்டுமானால் இப்படி இரண்டு வரி எழுதுகிறார்கள்:

நாள் != கட்டளை
நாள் ?= $(ஷெல் கட்டளை)

பிஎஸ்டி மேக்கும் புதிய ஜிஎன்யூ மேக்கும் முதல் வரியிலேயே விடையை வாங்கிக்கொள்ளும். ?= என்றால் 'முன்பே மதிப்பு இல்லாவிட்டால் மட்டும்' என்று பொருள், ஆகவே இரண்டாம் வரி அவற்றுக்குப் பொருட்டில்லை. பழைய ஜிஎன்யூ மேக் 3.81 முதல் வரியை வேறு மாதிரி படிக்கிறது. மாறியின் பெயரே ஆச்சரியக்குறியோடு முடிவதாக நினைத்து, வேறொரு மாறியில் கட்டளையை வெறும் எழுத்தாக வைத்துவிடுகிறது. உண்மையான மாறி காலியாகவே இருப்பதால், இரண்டாம் வரி வேலை செய்து விடையைக் கொண்டுவருகிறது. நிபந்தனை இல்லாத மொழியில் இரண்டே வரியில் நிபந்தனையை உண்டாக்கிவிட்டார்கள்.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. அதே பெயரில் சூழல் மாறி ஏதாவது அந்தக் கணினியில் முன்பே இருந்தால், ?= அதை மதித்து ஒதுங்கிவிடும். அப்போது 3.81 மட்டும் எங்கோ கிடந்த பழைய மதிப்பை எடுத்துக்கொள்ளும், மற்றவை கட்டளையின் விடையை எடுத்துக்கொள்ளும். பிழைச்செய்தி வராது. இந்த உத்தியைப் பயன்படுத்துவோரில் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்கள்?

என்மேக்குக்கும் ஜிஎன்யூ மேக்குக்கும் ஒரே கோப்பு எழுதும் உத்தி இதைவிட நுணுக்கமானது. குறிப்பு வரியின் கடைசியில் பின்சாய்கோடு போட்டால், ஜிஎன்யூ மேக் அடுத்த வரியையும் குறிப்பாகவே எடுத்துக்கொண்டு தாண்டிவிடும். என்மேக் அப்படி எடுத்துக்கொள்ளாது. ஆகவே குறிப்புக்குள் என்மேக்கின் நிபந்தனையை ஒளித்துவைத்தால், ஒவ்வொன்றும் தனக்குரிய பாதியை மட்டும் படிக்கும். முதல்முறை இதைப் பார்த்து அசந்துபோகாதவர் இருக்க மாட்டார். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வருபவர் நிலை? வரிக் கடைசியில் பின்சாய்கோட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி விழுந்தால் போதும், கோப்பின் பொருளே தலைகீழாகிவிடும். எழுதியவருக்கு மட்டும் விளங்கும் கோப்பை வைத்துக்கொண்டு ஒரு குழு வேலை செய்ய முடியாது.

நிறைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முதலாவதும் பெரியதும், பழைய இயந்திரம் வைத்திருப்பவரை வெளியே நிறுத்தாமல் இருப்பது. 'புதிய பதிப்பை இறக்கிக்கொள்ள வேண்டியதுதானே' என்பது நல்ல இணைப்பும் நல்ல இயந்திரமும் இருப்பவரின் பேச்சு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது இந்தக் கரையோரத்தில் மின்சாரமும் இணைப்பும் போயின. மரக்காணம் உப்பளங்களிலிருந்து வானூர் வரைக்கும் புயல்காலம் ஆண்டுதோறும் வருகிறது. அப்படிப்பட்ட நாள்களில் கையில் என்ன மேக் இருக்கிறதோ அதில்தான் வேலை நடக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு நன்கொடையாக வந்த கணினியில் நிர்வாகிக் கடவுச்சொல் தெரிந்தவர் மாற்றலாகிப் போயிருப்பார்; அங்கேயும் இருக்கிற மேக்தான் மேக். கட்டற்ற மென்பொருளின் மூலநிரல் யாருக்கும் கிடைக்கும் என்கிறோம். அதைத் தொகுக்க முடியாதவர் கையில் அது வெறும் எழுத்துக் குவியல். தொகுக்க முடிவதுதான் அந்த உரிமையின் பாதி. 3.81ல் ஓடும்படி எழுதப்பட்ட மேக்ஃபைல் அந்தப் பாதியை எளியவர் கையில் கொண்டுவந்து கொடுக்கிறது. இதனால்தான் இந்த வழக்கத்தை நான் முழுதாகத் தள்ளிவிட மறுக்கிறேன்.

இரண்டாவது நிறை, பல மேக்குகளுக்கு எழுதப் பழகியவர் எது மொழியின் அடிப்படை, எது ஒருவர் சேர்த்த வசதி என்று பிரித்தறியக் கற்றுக்கொள்கிறார். $< என்ற குறி 'முதல் சார்புக் கோப்பு' என்று எங்கும் பொருள்படும் என்றே பெரும்பாலான மாணவர்கள் நினைக்கிறார்கள். பாசிக்ஸ் அதை வால்விதிகளுக்குள், அதாவது ஒருவகைக் கோப்பிலிருந்து இன்னொரு வகையை உண்டாக்கும் பொதுவிதிகளுக்குள் மட்டும்தான் உறுதி சொல்கிறது. சாதாரண விதியில் அதை எழுதிவிட்டு பிஎஸ்டிக்குப் போனால் அது காலியாகிவிடும். ஒருமுறை இதில் மாட்டியவர் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார். இன்னொரு பாடம், ஓபிஜே என்று ஒரு அடைவு இருந்தாலே போதும், பிஎஸ்டி மேக் தானாக அதற்குள் போய் நின்றுகொண்டுதான் கட்டளைகளை ஓட்டும். மூலநிரல் வெளியே இருக்கும், கட்டளை உள்ளே தேடும். கருவி தனக்குள் எத்தனை அனுமானங்களை வைத்திருக்கிறது என்பதைக் கற்க இதைவிட நல்ல பள்ளி இல்லை.

மூன்றாவதாக, இந்தத் தொல்லைகளைச் சுமந்தவர்களால்தான் தரநிலையும் வளர்ந்தது. != குறி பிஎஸ்டியில் பிறந்து ஜிஎன்யூவுக்குப் போய், 2024 பாசிக்ஸில் ஏறியது. +=, ?= குறிகளும், இல்லாத கோப்பைச் சேர்க்கச் சொன்னாலும் நிற்காமல் போகும் வசதியும், எல்லாச் சார்புகளையும் குறிக்கும் $^ என்பதும் அதே ஆண்டில்தான் ஏறின. முப்பது ஆண்டு காத்திருப்பு என்றாலும் நல்ல அறுவடை.

இனி குறைகள். குறைகளில் தலையாயது, நான் முதலிலேயே சொன்ன மௌனம். தனக்குத் தெரியாததைக் கண்டால் மேக் பெரும்பாலும் குரல் எழுப்புவதில்லை. அறிமுகமில்லாத செயற்கூறு வந்தால் அதை மதிப்பில்லாத மாறி என்று எண்ணி வெற்றிடமாக்கிவிடும். கோப்பில் எழுதும் செயற்கூறு 4.0ல் வந்தது, அதை 3.81ல் ஓட்டினால் எதுவும் எழுதப்படாது, எந்தப் பிழையும் வராது. ஒரே கட்டளையில் பல கோப்புகள் உருவாகும் என்று சொல்லும் &: குறி 4.3ல் வந்தது; பழைய மேக் அந்த & குறியையே உருவாக்க வேண்டிய ஒரு கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றிலும் ஆபத்தானது 2010ல் 3.82ல் வந்த ஒன்ஷெல் என்ற சிறப்பு இலக்கு. சாதாரணமாக மேக் ஒவ்வொரு வரியையும் தனித்தனி ஷெல்லில் ஓட்டும். ஒன்ஷெல் இருந்தால் எல்லா வரியும் ஒரே ஷெல்லில் ஓடும். இதை நம்பி ஒரு மாணவர் துப்புரவு விதி எழுதுகிறார் என்று வையுங்கள். முதல் வரியில் தற்காலிக அடைவுக்குள் போகிறார், இரண்டாம் வரியில் அங்குள்ளதையெல்லாம் அழிக்கிறார். 4.4ல் பிரமாதமாக ஓடுகிறது. அதே கோப்பைத் தோழி தன் 3.81ல் ஓட்டினால், ஒன்ஷெல் என்ற சொல்லை மேக் சட்டை செய்யாது. முதல் வரி ஒரு ஷெல்லில் போய் முடிந்துவிடும். இரண்டாம் வரி புதிய ஷெல்லில், மூலநிரல் இருக்கும் அடைவிலேயே நின்று, அங்குள்ளதை அழித்துவிடும். ஒரு பருவத்து உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். 'எங்கும் ஓடும்' என்று நம்பவைத்த கோப்புதான் இதைச் செய்தது.

இரண்டாவது குறை, சோதிக்காமல் கொடுக்கும் வாக்கு. முகப்பில் 'எல்லா மேக்கிலும் ஓடும்' என்று எழுதியிருக்கும் திட்டங்களில் பல, எழுதியவரின் ஒரே கணினியில் மட்டும் ஓட்டிப் பார்க்கப்பட்டவை. தொடக்கத்தில் பாசிக்ஸ் என்ற சிறப்பு இலக்கை எழுதிவிட்டால் தரநிலைக்கு உட்பட்டுவிட்டோம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அந்த வரி ஜிஎன்யூ மேக்கின் சில நடத்தைகளைத்தான் மாற்றுகிறது. ஜிஎன்யூவுக்கே உரிய நீட்சிகளை நீங்கள் பயன்படுத்தினால் அது தடுக்காது, எச்சரிக்கவும் செய்யாது. உண்மையாகவே பாசிக்ஸுக்குள் நிற்கிறோமா என்று பார்க்க பிடிபிமேக் போன்ற, தரநிலையை ஒட்டியே எழுதப்பட்ட வேறொரு மேக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதைச் செய்பவர் அரிது.

மூன்றாவது, ஒத்துப்போவதற்காக வைக்கும் காவலே வாசலை அடைத்துவிடுவது. இதற்கு ஜிலிப்சியின் கதை பாடப்புத்தகத்தில் வைக்கத் தகுந்தது. லினக்ஸ் அமைப்புகளின் அடிப்படை நூலகமான அதன் அமைவு நிரல், மேக் பதிப்பு எண் 3.79 அல்லது 3.80, 3.90 வரிசையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. 2013ல் மேக் 4.0 வந்தது. எண் பொருந்தவில்லை. 'மேக் இல்லை அல்லது மிகவும் பழையது' என்று சொல்லி நின்றது. மிகப் புதியதைப் பார்த்து மிகப் பழையது என்றது! பிறகு திருத்தினார்கள். ஆனால் பழைய ஜிலிப்சியைத் தொகுக்க முயல்பவர்கள் இன்றும் அந்தச் செய்தியைப் பார்த்துக் குழம்பி, இருக்கும் நல்ல மேக்கை நீக்கிவிட்டுப் பழையதைத் தேடி அலைகிறார்கள். எண்ணை வைத்து ஆளை எடைபோட்டால் இப்படித்தான் ஆகும். திறனைக் கேட்க வேண்டும், எண்ணைக் கேட்கக் கூடாது.

லினக்ஸ் கர்னல் இதைச் சரியாகச் செய்கிறது என்பது என் கணிப்பு. ஜிஎன்யூ மேக்குக்கு ஃபீச்சர்ஸ் என்றொரு உள்மாறி உண்டு. தனக்குத் தெரிந்த வசதிகளை அது பட்டியலிட்டுச் சொல்லும். கர்னலின் தலைமை மேக்ஃபைல் 4.0ல் வந்த ஒரு வசதியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லாவிட்டால் '4.0 வேண்டும், உன்னிடம் இருப்பது இது' என்று தெளிவாகச் சொல்லி நின்றுவிடுகிறது. குறைந்தபட்ச வரம்பை 3.81, 3.82, 4.0 என்று மெதுவாக உயர்த்தி, அதை ஆவணத்திலும் எழுதிவைத்திருக்கிறார்கள். 4.3ல் செயற்கூறுக்குள் வரும் # குறியின் பொருள் மாறியபோதும் அதே நிதானம்தான். அந்தக் குறியை ஒரு மாறிக்குள் வைத்து, அதற்கு 'பவுண்ட்' என்று பெயரிட்டு, தேவையான இடத்தில் எல்லாம் அந்த மாறியைப் போட்டார்கள். பழையதிலும் ஓடுகிறது, புதியதிலும் ஓடுகிறது, படிப்பவருக்கும் ஏன் என்று விளங்குகிறது. ஒத்துப்போக வைக்கும் உத்தி இந்த மூன்றையும் ஒன்றாகத் தர வேண்டும். தராவிட்டால் அதை உத்தி என்று நான் சொல்ல மாட்டேன்.

பைசா செலவில்லாத நல்ல பழக்கங்களும் உண்டு. அடைவில் உள்ள கோப்புகளை வாரி எடுக்கும் வைல்ட்கார்ட் செயற்கூறு, 3.82 முதல் 4.2 வரை விடையை அகரவரிசையில் தரவில்லை, 4.3 திரும்பவும் வரிசைப்படுத்தியது. வரிசை மாறினால் இணைக்கும் வரிசை மாறும், கிடைக்கும் இயங்குகோப்பும் பைட்டுக்குப் பைட் மாறும். ஒரே மூலத்திலிருந்து எப்போதும் அச்சுஅசலான ஒரே கோப்பு வர வேண்டும் என்று பாடுபடும் டெபியன்காரர்களுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. வைல்ட்கார்டைச் சுற்றி ஒரு சார்ட் செயற்கூறு போட்டால் எல்லாப் பதிப்பிலும் ஒரே விடை. ஒரு சொல் கூடுதல், அவ்வளவுதான்.

டெபியனைப் பற்றிச் சொல்லும்போது விழுப்புரத்தை விட்டுவிட முடியாது. விழுப்புரம் ஜிஎன்யூ/லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறது. 2023 ஜனவரியில் மினிடெப்கான்ஃப் தமிழ்நாடு என்ற டெபியன் மாநாடு நடந்ததும் விழுப்புரத்தில்தான். டெபியனில் ஒரு மென்பொருளைப் பொதியாகக் கட்டக் கற்பவர் முதல் நாளே சந்திப்பது ரூல்ஸ் என்ற கோப்பை. அது ஒரு மேக்ஃபைல். ஜோயி ஹெஸ் தொடங்கிய டெப்ஹெல்ப்பர் கருவியின் புண்ணியத்தில் பல பொதிகளுக்கு அது மூன்றே வரி: எதை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரி, எந்த இலக்குக்கும் பொருந்தும் % விதி, அதன் கீழே ஒரே கட்டளை. எந்த மேக் என்ற கேள்வியை டெபியன் ஒரே ஆணையில் முடித்துவிட்டது. ஜிஎன்யூ மேக்தான், அது எப்போதும் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். பலவற்றோடும் ஒத்துப்போகும் சுமையை ஆயிரக்கணக்கான கோப்புகளிலிருந்து எடுத்து ஒரே இடத்தில் வைத்துவிட்டார்கள்.

அந்த ஒரே இடமும் லேசானதல்ல. 3.82 பல பழைய மேக்ஃபைல்களை உடைத்தது. சாதாரண இலக்கையும் % இலக்கையும் ஒரே விதியில் கலந்து எழுதியதை அது ஏற்க மறுத்ததால் கர்னலின் பழைய பதிப்புகள்கூட அதில் தொகுபடவில்லை. டெபியனின் எந்த நிலையான வெளியீட்டிலும் 3.82 இடம்பெறவில்லை. 2013ல் வந்த வீஸி வரை 3.81தான், 2015ல் வந்த ஜெஸ்ஸி நேராக 4.0க்குப் போனது. அதற்குள் உடைந்தவற்றைத் தேடித் திருத்தினார்கள். ஆப்பிளும் 3.81லேயே நிற்கிறது, ஆனால் அதற்குக் காரணம் வேறு. 3.82 முதல் ஜிஎன்யூ மேக் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் வருகிறது. அந்த உரிமத்தை ஆப்பிள் தவிர்க்கிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஒன்று பயனர்களுக்காகக் காத்திருந்தது, இன்னொன்று உரிமத்துக்காக. விளைவு என்னவோ ஒன்றுதான்: 3.81 சாகாமல் இருக்கிறது.

ஃப்ரீபிஎஸ்டி வேறு பாதை எடுத்தது. அதன் தொகுப்பில் சேரும் வெளி மென்பொருள்களின் மேக்ஃபைல்களை பிஎஸ்டிக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டிருக்கவில்லை. எது ஜிஎன்யூ மேக்கை எதிர்பார்க்கிறதோ அதன் விவரத்தில் ஜிமேக் வேண்டும் என்று ஒரு வரி எழுதுகிறார்கள். ஜிமேக் முதலில் நிறுவப்படும், பிறகு வேலை அதனிடம் போகும். கருவியை மாற்றுவது சில நொடி வேலை, மேக்ஃபைலை மாற்றினால் அது முடியாத வேலை என்று புரிந்துகொண்டவர்கள் எடுத்த முடிவு இது. பக்கத்து வீட்டு மேக்குகளுக்காக, அதாவது என்மேக்குக்கும் சன் மேக்குக்கும் சேர்த்து ஒரே கோப்பை வளைத்து எழுதுவதில் எனக்கு நம்பிக்கை போனதற்கும் இதுவே காரணம். அங்கே ஆள் இருந்தால் அவர்களுக்கென்று தனிக் கோப்பு கொடுங்கள். ஜிஎன்யூ மேக் தன் பெயர் கொண்ட ஜிஎன்யூமேக்ஃபைலை முதலில் தேடும், ஃப்ரீபிஎஸ்டி மேக் பிஎஸ்டிமேக்ஃபைலை முதலில் தேடும். இரண்டையும் நாலைந்து வரியில் வைத்து, பொதுவான விதிகளை மூன்றாவது கோப்பில் வைத்தால், எந்தத் தந்திரமும் இல்லாமல் வேலை முடிகிறது. கிட் திட்டமும் தளத்துக்குத் தளம் மாறும் செய்திகளையெல்லாம் ஒரு தனிக் கோப்பில் ஒதுக்கிவைத்திருக்கிறது.

ஆட்டோடூல்ஸ், சிமேக் என்று மேக்ஃபைலையே எழுதித்தரும் கருவிகளையும், மேக்கையே ஒதுக்கும் மீசானையும் நின்ஜாவையும் எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீராதா என்று கேட்பார்கள். பெரிய திட்டத்துக்குத் தீரும். பத்துக் கோப்பு உள்ள கல்லூரித் திட்டத்துக்கு, சிமேக்கின் எந்தப் பதிப்பு என்று அடுத்த சிக்கல் தொடங்கும்.

தமிழுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். மேலே நான் 'நாள்' என்று மாறிக்குப் பெயர் வைத்தேன். ஜிஎன்யூ மேக் அதை ஏற்றுக்கொள்ளும். பாசிக்ஸ் தரநிலையோ மாறிப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு ஆகியவற்றைத்தான் உறுதி சொல்கிறது. எங்கும் ஓட வேண்டும் என்ற கொள்கையைக் கடைசிவரை பிடித்தால் தமிழ் எழுத்து மேக்ஃபைலுக்குள் வரவே கூடாது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மேக் சொல்லிக்கொடுக்க, தமிழ்ப் பெயர் வைத்த மாறிகள் எவ்வளவு உதவும் என்று தெரிந்தவர்கள் இந்த விலையைக் கொடுக்க மாட்டார்கள். நானும் கொடுக்க மாட்டேன். வகுப்பறைக்கான மேக்ஃபைலில் தமிழ் இருக்கட்டும், அது ஜிஎன்யூ மேக்கை மட்டும் நம்பட்டும்.

எனவே என் தீர்ப்பு இது. காலத்தில் பின்னோக்கி ஒத்துப்போவது கடமை. ஆளில்லாத திசையில் ஒத்துப்போவது வீண். நம் மாவட்டத்தில் 3.81 உயிரோடு இருக்கிறது. அதை வைத்திருப்பவர் பெரும்பாலும் வேறு வாங்க முடியாதவர். அவருக்காக ஒன்ஷெல்லை விட்டுவிட்டு, ஒரே வரியில் && போட்டுக் கட்டளைகளைக் கோப்பது பெரிய தியாகம் இல்லை. புதிய வசதி வேண்டியே தீரும் என்றால், ஃபீச்சர்ஸ் பட்டியலைப் பார்த்து, இல்லாவிட்டால் தெளிவான செய்தியோடு நிற்கும்படி மேக்ஃபைலின் தலையிலேயே எழுதுங்கள். அந்தச் செய்தியைத் தமிழிலும் எழுதலாம். மௌனமாகத் தப்பாக ஓடுவதைவிட, சத்தம் போட்டு நிற்பது ஆயிரம் மடங்கு மேல்.

சோதிக்காமல் எதையும் எழுதிவிடாதீர்கள் என்பதுதான் மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது. சோதிப்பதற்காக 4.2.1 போன்ற பழைய மேக்கின் மூலத்தை இறக்கிப் புதிய கணினியில் தொகுக்கப் பார்த்தால் அதுவே தொகுபடாது. புதிய ஜிலிப்சியோடு அது ஒத்துப்போகவில்லை. ஆகவே வீட்டில் பரணில் கிடக்கும் விலையில்லா மடிக்கணினியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பேட்டரி போயிருந்தால் மின்னேற்றியைச் செருகியே ஓட்டுங்கள். உங்கள் மேக்ஃபைலை வெளியிடும் முன் ஒருமுறை அதில் ஓட்டிப் பாருங்கள்.